தாய்மாமன் மடி

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் மண்ணூர்பேட்டை திருப்பத்தில் திரும்பியபோது கஸ்தூரி தன் புருஷனைப் பார்த்தாள்.

கரண்ட் கம்பத்துக்கும் பேக்கரிக்கும் நடுவில் கட்டியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கூப்பிய கை. மேலே சிவப்பு எழுத்தில் ‘காதணி விழா’. ஓர் ஓரத்தில், ரோஜாப்பூவுக்குள், அவன் தங்கை மகள் தன்ஷிகாவின் சின்ன முகம். காது குத்தப்போவது அவளுக்குத்தான். ஆனால் பேனரில் முக்கால் பங்கு உத்தமன். ‘சீர் கொண்டு வரும் தாய்மாமன், எங்கள் அண்ணன் உத்தமன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.’ கீழே தேதி, நேரம், மண்டபத்தின் பெயர், அயனம்பாக்கம்.

எட்டு மாதமாக அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். போலீஸும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

பக்கத்து இருக்கையில் இருந்த வஹீதுன்னிசா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, அது உன் ஊட்டுக்காரருதான?”

“ஆமா.”

“காணாம பூட்டாருன்னு சொன்ன. ஊரே பாக்கறா மாதிரி நின்னுகினு கீறாரு.”

கஸ்தூரி எழுந்து டிரைவரிடம் போனாள்.

“அண்ணாத்தே, ஒரு நிமிசம் நிறுத்து. எறங்கணும்.”

“இன்னாமா, இப்பதான ஏறுன?”

“ஒரு போட்டோ எடுக்கணும்.”

“யார?”

“என் புருசன.”

டிரைவர் பேனரைப் பார்த்தான். கஸ்தூரியைப் பார்த்தான். வண்டியை ஓரம் கட்டினான். பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். அவள் ரோட்டைக் கடந்து பேனருக்கு எதிரே நின்று, கீழே இருந்த தேதி தெளிவாக விழும்படி எடுத்தாள். விழா மறுநாள்.

நான்கு வருடங்களுக்கு முன் உத்தமன் அடித்தான். அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அதைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை.

கோர்ட்டில் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. மகள் சௌம்யாவின் பேரில் மட்டும் மனுப் போட்டாள். “உங்களுக்கும் சேத்துக் கேக்கலாம்” என்று வக்கீல் மஹ்ஜபீன் சொல்லிப் பார்த்தார்.

“வேணாம் மேடம். நான் அந்தாளுக்குப் பொண்டாட்டி இல்லன்னு ஆயிடலாம். அவ பொண்ணு இல்லன்னு ஆவ முடியாது இல்ல?”

உத்தரவு வந்தது. அந்த மாதமே உத்தமன் லேத் வேலையை விட்டான். வேலை இல்லை, வருமானம் இல்லை, தங்கை வீட்டில் சாப்பிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். நீதிபதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். உடம்பில் தெம்பு உள்ளவன் பெற்ற பிள்ளைக்குக் கொடுத்தே ஆகவேண்டும், வேலை தேடிக்கொள்வது உன் பாடு என்றார். அடுத்த வாய்தாவுக்கு அவன் வரவில்லை. போன் நம்பர் மாறியது. குடியிருந்த வீடு காலியானது. கோர்ட் பிடிவாரண்ட் போட்டது. வாரண்ட் ஸ்டேஷனுக்குப் போனது. ‘ஆள் தலைமறைவு’ என்று திரும்பி வந்தது. மறுபடி போனது. மறுபடி திரும்பி வந்தது.

ஒவ்வொரு முறையும் ஸ்டேஷனில் அவளுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். ஆளைக் காட்டு, பிடிக்கிறோம்.

உத்தமனின் தங்கை ஹேமாவதியின் வீட்டுக்கும் போயிருக்கிறாள். “எங்க கீறாருன்னே தெரியல அண்ணி” என்று ஹேமாவதி கதவை முழுதாகத் திறக்காமலே சொன்னாள். உள்ளே தொட்டில் ஆடியது. அப்போது ஆட்டிக்கொண்டிருந்தது யார் என்று கஸ்தூரி கேட்கவில்லை.

கம்பெனியில் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

“நாளைக்கு லீவு வேணும் சார்.”

“ஷிப்மென்ட் டைம்ல எதுக்கு லீவு?”

“காதுகுத்து.”

“யாருக்கு?”

“நாத்தனார் பொண்ணுக்கு.”

“அட, சேந்துட்டீங்களா?”

“இல்ல சார்.”

அவர் லீவு கொடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மஹ்ஜபீனுக்குப் போன் செய்தாள். படத்தையும் அனுப்பினாள். வக்கீல் அதைப் பார்த்தார். சிரிக்கிறார் என்று கஸ்தூரிக்குத் தோன்றியது.

“வாரண்ட் இப்ப மறுபடி ஸ்டேஷன்லதான் இருக்கு. அவங்ககிட்ட இதைக் காட்டுங்க. நாளைக்கு நான் கோர்ட்ல இருப்பேன். நீங்க ஆளை அடையாளம் காட்டினாப் போதும். கத்தாதீங்க. கை நீட்டாதீங்க.”

“நீட்ட மாட்டேன்.”

“உங்களைத்தான் எல்லாரும் திட்டுவாங்க. தெரியுமில்ல?”

“இப்ப மட்டும் இன்னா கொஞ்சறாங்களா மேடம்?”

சாயங்காலம் ஸ்டேஷனில் ஏட்டு தாட்சாயிணி இருந்தாள். விழுப்புரத்துப் பக்கத்துக்காரி. கஸ்தூரியின் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

“இவன்தானா?”

“இவருதான்.”

“தலைமறைவுன்னு நான்தான் எழுதி அனுப்பினேன்.” மறுபடியும் பார்த்தாள். “கண்ணாடி வேற. மண்டபம் போட்டிருக்கான், மணி போட்டிருக்கான். பஸ் நம்பர் ஒண்ணுதான் போடல.”

“பேனர் அடிச்சது அவரு தங்கச்சி புருசன் மேடம். மச்சானுக்குப் பேனர் வெக்கலன்னா மரியாத இல்ல.”

“வியாழக்கிழமை. கோர்ட் இருக்கிற நாள்தான்.” தாட்சாயிணி போனைத் திருப்பிக் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள். “ஆனா காதுகுத்தும்மா. நல்ல காரியம். அங்க வந்து ஆளைத் தூக்கினா உன் நாத்தனார் மண்ணை வாரித் தூத்துவா.”

“தூத்தட்டும்.”

“ஒரு நாள் பொறுத்து வெள்ளிக்கிழமை போனா என்ன?”

“வெள்ளிக்கிழம அவரு எங்க இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தாட்சாயிணி பேனாவை எடுத்துத் திறந்தாள்.

“நாளைக்கு ஒரு நாளு அவரு வந்தே ஆவணும் மேடம். தாய்மாமன் மடியில உக்கார வெச்சாத்தான் காது குத்துவாங்க. அவருக்குப் பதிலா வேற ஆளு உக்கார முடியாது. பெத்த பொண்ண வுட்டுட்டு ஓடலாம். இத வுட்டுட்டு ஓட முடியாது. தல நிமிர முடியாம பூடும்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான். என் பையன் காதுகுத்துக்கு எங்க அண்ணன் துபாய்ல இருந்து வந்துச்சு.”

“இவரு துபாய் போவல மேடம். இங்கியேதான் எங்கியோ கீறாரு.”

தாட்சாயிணி பேனாவை மூடினாள்.

“சரி. வர்றேன். ஆனா பேனரைப் பார்த்து ஆளைப் பிடிக்க முடியாது. நீ உள்ள வரணும். எல்லார் எதிர்லயும் இவர்தான்னு கை காட்டணும். அப்புறம் எனக்குத் தெரியாது, நான் வரல, பயமா இருக்குன்னு சொல்லக் கூடாது. முடியுமா?”

“நீங்க இன்னா டிரஸ்ல வருவீங்க?”

“ஏன்?”

“காக்கியப் பாத்தா பின்பக்கம் செவுரு ஏறிக் குதிச்சிடுவாரு.”

தாட்சாயிணி யோசித்தாள்.

“பட்டுப் புடவை ஒண்ணு இருக்கு,” என்றாள். “கட்டி ரொம்ப நாளாச்சு.”

சௌம்யாவும் பேனரைப் பார்த்திருந்தாள். ஸ்கூல் வேன் அந்த வழியாகத்தான் வரும். கஸ்தூரி வீட்டுக்கு வந்தபோது தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா போட்டோ பாத்தேன்,” என்றாள். “தன்ஷிகாவுக்குக் காது குத்தறாங்களாம்.”

“ஆமா.”

“வேன்ல ஒருத்தி கேட்டா, அது யாருன்னு. எங்க அப்பான்னேன். வெளியூர்ல இருக்காருன்னு சொன்னியேன்னா.”

கஸ்தூரி அரிசியைக் கழுவினாள்.

“நீ இன்னா சொன்ன?”

“வந்துட்டாருன்னு சொல்லிட்டேன்.”

குக்கரை மூடி அடுப்பில் வைத்தாள். விசில் வந்தது.

“நீ நாளைக்கு அங்க போறியா?”

“போறேன்.”

“சாப்பிடவா?”

“போலீஸோட.”

சௌம்யா பென்சிலைச் சீவினாள். சீவலை நோட்டின் மேல் விழவிட்டு, ஊதித் தள்ளினாள்.

“அடிப்பாங்களா?”

“அடிக்க மாட்டாங்க. கோர்ட்டுக்கு இட்டுகினு போவாங்க. ஜட்ஜ் கேப்பாரு.”

“இன்னா கேப்பாரு?”

“ஏன் குடுக்கலன்னு.”

“நானும் கேக்கணும்.” கொஞ்ச நேரம் யோசித்தாள். “வேணாம். நீயே கேளு. அந்த மெரூன் பொடவ கட்டிக்கினு போ. அழுதுகினு போவாத.”

மண்டபம் ஏரியை ஒட்டிய ரோட்டில் இருந்தது. இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். தாட்சாயிணி பச்சைப் பட்டில் வந்திருந்தாள். தலையில் மல்லிகை. வாரண்ட் கைப்பையில் இருந்தது.

“இப்பவே உள்ள போனா உன்னைப் பார்த்ததும் ஓடிருவானே,” என்றாள்.

“இப்ப வேணாம். கொழந்த மடிக்கு வரட்டும். அப்ப போவோம்.”

பேண்டு வாத்தியம் கேட்டது. சீர் வந்துகொண்டிருந்தது. இருவரும் ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். பழம், பலகாரம், பட்டுப் பாவாடை, கோபுரம் மாதிரி அடுக்கிய சாக்லேட். கடைசியில் இரண்டு பேர் ரிப்பன் கட்டிய ஒரு சிவப்பு பேட்டரி காரைத் தூக்கி வந்தார்கள். குழந்தை உட்கார்ந்து ஓட்டுகிற கார். எல்லோருக்கும் முன்னால் உத்தமன். தலையில் ரோஸ் நிறத் தலைப்பாகை, கையில் வெல்வெட் பெட்டி. கொஞ்சம் இளைத்திருந்தான். நடை மாறவில்லை.

தாட்சாயிணி அந்தக் காரையே பார்த்தாள்.

“வேலை இல்லாத ஆளு,” என்றாள்.

ஊர்வலம் உள்ளே போனது. மைக்கில் ஒருவன் படிக்கத் தொடங்கினான். தாய்மாமன் உத்தமன் அவர்கள் அன்புடன் வழங்கும் சீர். தங்கத் தோடு ஒரு ஜோடி. வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி. ஒவ்வொன்றுக்கும் விசில் பறந்தது. பேட்டரி கார் என்றபோது விசில் நிற்கவே இல்லை. தாட்சாயிணி படிக்கட்டின் கீழே நின்று முழுவதையும் கேட்டாள். நேற்று அவள் முகத்தில் இருந்த தயக்கம் இப்போது இல்லை.

“வா,” என்றாள்.

மேடையில் உத்தமன் பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் தன்ஷிகா. மூன்று வயது. மொட்டைத் தலையில் சந்தனம். பத்தர் இரண்டு காதிலும் மையால் புள்ளி வைத்துவிட்டுக் கம்மலை எடுத்தார். ஹேமாவதி வாழைப்பழத்தில் வெல்லம் வைத்துக் குழந்தையின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஸ்ரீராம் உத்தமனுக்குப் பின்னால் நின்றான். அறுபது எழுபது பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் இருவரும் நடந்தார்கள். ஹேமாவதிதான் முதலில் பார்த்தாள்.

“அண்ணி,” என்றாள். பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

உத்தமன் நிமிர்ந்தான். கஸ்தூரியைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பச்சைப் பட்டைப் பார்த்தான். பார்வை கீழே இறங்கியது. புடவைக்கு அடியில் பிரவுன் ஷூ தெரிந்தது.

பத்தர் முதல் காதில் குத்தினார். குழந்தை வீறிட்டது. பழம் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தோடு உத்தமன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்தான்.

“எங்க மச்சான் போற?” ஸ்ரீராம் அவன் தோளைப் பிடித்தான்.

“தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்.”

“இன்னொரு காது கீது மாமே. உக்காரு.”

“வுடு, வந்துர்றேன்.”

“மடிய வுட்டு எழக் கூடாது,” என்று முன்வரிசையில் இருந்த ஒருவர் சத்தம் போட்டார். “ஒத்தக் காதோட எழுந்தா புள்ளைக்கு ஆவாது. உக்காருப்பா.”

“கொழந்தயவிட மாமனுக்குத்தான் பயம்,” என்றாள் ஒரு பெண். மண்டபம் சிரித்தது. ஸ்ரீராமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் மச்சானை அழுத்திப் பலகையில் உட்கார வைத்தான். இன்னொருவன் வந்து முழங்காலைப் பிடித்தான்.

தாட்சாயிணி ஓர் அடி முன்னால் வைத்தாள். கஸ்தூரி அவள் கையைத் தொட்டாள்.

“குத்தி முடிக்கட்டும் மேடம்.”

உத்தமன் குழந்தையைத் தன் பக்கம் திருப்பினான். ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொடுத்து, கட்டைவிரலால் தாடையை அசையாமல் நிறுத்தினான். வாயால் ஏதோ சத்தம் செய்து காட்டினான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்தது. கஸ்தூரிக்கு அந்தப் பிடி தெரியும். சௌம்யாவுக்கு முதல் தடுப்பூசி போட்டபோதும் அப்படித்தான் பிடித்தான். அவனுக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியும்.

பத்தர் இரண்டாவது காதிலும் குத்தித் திருகாணியை முறுக்கினார். மேளம் முழங்கியது. அரிசியும் பூவும் விழுந்தன. ஹேமாவதி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மேளம் நிற்கும்வரை கஸ்தூரி காத்திருந்தாள். பிறகு கையை உயர்த்தி மேடையைக் காட்டினாள்.

“இவருதான்.”

எல்லோரும் திரும்பினார்கள். தாட்சாயிணி மேடை ஏறி, கைப்பையிலிருந்து வாரண்டை எடுத்தாள்.

“உத்தமன். உங்க பொண்ணுக்கு ஜீவனாம்சம் கட்டல. கோர்ட் வாரண்ட் இருக்கு. எழுந்திரிங்க.”

“இன்னா மேடம் இது,” என்றான் ஸ்ரீராம். “நல்ல காரியம் நடக்கற எடத்துல.”

“நல்ல காரியம் முடிஞ்சிருச்சு தம்பி. முடியற வரைக்கும் நிக்கச் சொன்னதே இந்தம்மாதான்.”

ஹேமாவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

“இந்த நாளுதான் கெடச்சுதா அண்ணி உனக்கு? நீ சம்பாரிக்கிற. உனக்கு இன்னா கொறைச்சல்?”

“எனக்கு ஒரு கொறையும் இல்ல ஹேமா. நான் ஒண்ணும் கேக்கல. உங்க அண்ணனுக்கு ஒரு பொண்ணு கீது. அவ கேக்கறா.”

“அவரு கைல காசு இல்ல.”

கஸ்தூரி மேடை ஓரத்தில் இருந்த சிவப்புக் காரைப் பார்த்தாள். ஹேமாவதியும் அதைப் பார்த்தாள்.

“அது சீரு. சீரு வேற. கடன வாங்கித்தான் செஞ்சாரு. தாய்மாமன் செய்யலன்னா ஊர்ல இன்னா பேசுவாங்க?”

“பெத்த அப்பன் செய்யலன்னா இன்னா பேசுவாங்க?”

“அது ஊட்டு விசயம்.”

“ஊட்டுக்குள்ளயே வெச்சுப் பாத்துட்டேன். அதான் வெளிய கொண்டாந்தேன்.”

ஹேமாவதியின் முகம் மாறியது. குழந்தையின் காதில் கை வைத்தாள்.

“இந்தா, இதையும் கழட்டித் தரேன். எடுத்துகினு போ. உன் வயிறு ரொம்பட்டும்.”

குழந்தை அலறியது. கஸ்தூரி அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள்.

“கைய எடு. பச்சப் புண்ணு.” ஹேமாவதியின் கையை விடாமலே சொன்னாள். “இது இவளுது. என் பொண்ணுக்கு இன்னொரு புள்ள காதுல கெடக்கறது வேணாம். அவங்க அப்பன் கையால வரணும்.”

ஹேமாவதி அழுதாள். கஸ்தூரி கையை விட்டாள்.

உத்தமன் மேடையிலிருந்து பேசினான்.

“புள்ளய எங்கிட்ட குடுத்துட்டுப் பேசு. நான் வளக்கறேன். மொகத்தக் கூடப் பாக்க வுடல. காசு மட்டும் வேணுமா?”

“அதுவும் நாயந்தான,” என்றார் முன்வரிசைக்காரர். இரண்டு மூன்று தலைகள் ஆடின.

கஸ்தூரி அவர் பக்கம் திரும்பினாள்.

“நைனா, வாரா வாரம் ஞாயித்துக்கிழம பாக்கலாம்னு கோர்ட்லயே சொன்னாங்க. நானும் அவளும் பார்க்குல போய் உக்காந்தோம். அவ நல்ல கவுனு போட்டுகினு வருவா. சுண்டல் விக்கிறவரு எங்களுக்கு எடம் புடிச்சு வெப்பாரு. இவரு ஒரு வாட்டி வந்தாரான்னு கேளுங்க.”

முன்வரிசைக்காரர் உத்தமனைப் பார்த்தார்.

“வேல இருந்துச்சு,” என்றான் உத்தமன்.

“வேலை இல்லன்னுல்ல எழுதிக் குடுத்திருக்கீங்க?” என்றாள் தாட்சாயிணி.

பின்வரிசையில் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள்.

ஸ்ரீராம் தாட்சாயிணியின் அருகில் வந்து மெதுவாகப் பேசினான்.

“மேடம், பந்தி போட்டாச்சு. சொந்தக்காரங்க எல்லாம் கீறாங்க. திங்கக்கிழம நானே இட்டுகினு வரேன். நான் பொறுப்பு.”

“திங்கக்கிழமை எதுக்கு? இப்பவே கூட வாங்க. ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க. இவர் இனிமே வாய்தாவுக்கு ஒழுங்கா வருவார், வரலன்னா நாங்க பணம் கட்டறோம்னு கையெழுத்துப் போடணும். ரெண்டு பேர் போதும். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு எடுத்துக்குங்க.”

“நான் வரணுமா?”

“நான் பொறுப்புன்னீங்களே.”

ஸ்ரீராம் திரும்பி மண்டபத்தைப் பார்த்தான். சற்று முன் உத்தமனின் முழங்காலைப் பிடித்தவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். “இல ஆறுது, வாங்க வாங்க” என்று யாரோ கூப்பிட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. முன்வரிசைக்காரர் செருப்பைத் தேடினார்.

“ஊடு எங்க அப்பா பேர்ல கீது மேடம்,” என்றான் ஸ்ரீராம். “அவருகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்.”

“கேளுங்க. அதுவரைக்கும் இவர் எங்ககூட இருக்கட்டும்.”

உத்தமன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தலைப்பாகையைக் கழற்றிப் பலகை மேல் வைத்தான். தானாகவே எழுந்து படி இறங்கினான். தாட்சாயிணி பின்னால் போனாள். தன்ஷிகா அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் நிற்கவில்லை.

வெளியே வெயில் ஏறியிருந்தது. பேண்டுக்காரர்கள் வேன் நிழலில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்தார்கள். ஆட்டோவிலிருந்து கான்ஸ்டபிள்கள் இறங்கினார்கள். அவனை நடுவில் உட்கார வைத்தார்கள். தாட்சாயிணி வேறு ஆட்டோ பிடிக்கச் சொன்னாள். கஸ்தூரியும் கோர்ட்டுக்கு வரவேண்டும்.

கஸ்தூரி அவன் உட்கார்ந்திருந்த ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சந்தோசமா?” என்றான்.

“இல்ல.”

“இன்னா பண்ணிடுவ? ஒரு மாசம் உள்ள வெப்பாங்க. எல்லாம் வெசாரிச்சுட்டேன். சோறு போட்டு வெப்பாங்க. வெளிய வந்தா கணக்கு தீந்துச்சு. உனக்கு ஒரு பைசா வராது.”

“தீராது,” என்றாள் தாட்சாயிணி. “உள்ள இருக்கிறது கட்டாததுக்குத் தண்டனை. கட்ட வேண்டியது அப்படியே நிக்கும். யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க.”

“அதையும் பாத்துடலாம். திரும்பத் திரும்ப உள்ள போறேன். போட்டும். குடுக்க மாட்டேன்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். கஸ்தூரி கம்பியை விடவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்தான்.

“போ,” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “நீ வெளிய வர்ற அன்னிக்கு நான் ஜெயில் கேட்டாண்ட நிப்பேன். அங்கருந்து நேரா போயி அடுத்த மனுவப் போடுவேன். சௌம்யாவுக்குப் பதினெட்டு ஆவ இன்னும் ஏழு வருசம் கீது. எத்தினி வாட்டி உள்ள போவ?”